வலிக்காது என்று சொல்லாதீர்கள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் படிக்கக் கொடுப்பதற்காக என் பணி அனுபவங்களை எழுதித் தரச் சொன்னார்கள். ஊக்கம் தருவதாக இருக்க வேண்டுமாம். ஊக்கத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். நான் முப்பது வருடம் சர்க்கஸில் கரணம் போட்டுச் சாப்பிட்டவள். அதன் பிறகு ஓய்வு பெறும் வரை, இப்போது நீங்கள் ஏறியிருக்கும் இதே வேனில் ஊர் ஊராகச் சுற்றியவள். கரணம் போடுவதை உங்கள் மாஸ்டர் சொல்லித்தருவார். நான் சொதப்பிய கதைகளை நான்தான் சொல்ல வேண்டும்.

பெரிய கூடாரங்கள் ஒவ்வொன்றாக மூடியபோது எங்களில் ஏழு பேரை ஒரு தொண்டு நிறுவனம் எடுத்துக்கொண்டது. வீட்டுக்குள் மனைவியை அடிப்பதைப் பற்றி விருதுநகர் மாவட்டத்துக் கிராமங்களில் பேச வேண்டும். கூட்டம் போட்டால் யாரும் வருவதில்லை, நோட்டீஸ் கொடுத்தால் அதில் முறுக்கைக் கட்டிக்கொண்டு போகிறார்கள், சர்க்கஸ் என்றால் வருவார்கள் என்பது அவர்கள் போட்ட திட்டம். திட்டம் பலித்தது, வந்தார்கள். வந்தவர்களிடம் என்ன பேசினோம் என்பதில்தான் கோளாறு.

முதல் வாரமே ஒன்று நடந்தது. சர்க்கஸ் என்றால் நெருப்பு வளையம் இல்லாமலா? அச்சங்குளத்தில் வளையத்தை நட்டு, துணியைச் சுற்றி, மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தோம். வேலை விட்டு வந்த பட்டாசுக் கம்பெனி பஸ் ஒன்று சாலையில் நின்றது. இறங்கியவர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். அதில் ஒரு பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏலே, எவன்லே அது? தீப்பெட்டியக் கீள வைலே! இம்புட்டுப் பேரும் மருந்து ஒட்டுன துணியோட நிக்கோம், கூறு இருக்கா உங்களுக்கு?"

கூறு இல்லைதான். அங்கே நின்ற அத்தனை பேர் சட்டையிலும் சேலையிலும் வெடிமருந்துத் தூள் இருந்தது. எங்களுக்கு வித்தையாக இருந்த நெருப்பு அவர்களுக்குத் தெரிந்தவர்களைக் கொண்டுபோன நெருப்பு. அன்றைக்கே வளையத்தில் சிவப்பு ரிப்பன் கட்டித் தாண்டினோம். ரிப்பனும் நன்றாகத்தான் இருந்தது. நம் தொழிலில் சாதாரணமாக இருப்பது போகிற ஊரில் என்னவாக இருக்கிறது என்று விசாரிக்காமல் பெட்டியைத் திறக்கக் கூடாது என்று புரிந்துகொண்டோம். பாதிதான் புரிந்திருக்கிறது என்பது பிறகு தெரிந்தது.

எங்களோடு வேனில் ஒரு குடும்ப ஆலோசகர் வருவார். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார், அதனால் ஆலோசகர் அம்மா என்றே எழுதுகிறேன். மைக்கில் அவரைக் 'கவுன்சிலர்' என்று அறிமுகப்படுத்துவோம். ஊர்க்காரர்கள் வார்டு கவுன்சிலர் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆட்டம் முடிந்ததும் குழாயில் தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, முதியோர் பென்ஷன் நின்றுபோச்சு என்று மனுக்களோடு வரிசை நிற்கும். நான் அவர்களைத் திருத்தப் போனேன். அந்த அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"சும்மா இரு. புருஷன் அடிக்கிறான்னு சொல்ல ஒருத்தி தனியா எங்கிட்ட வந்தா ஊரே பார்க்கும். தண்ணி வரலைன்னு வரிசையில வந்தா எவன் பார்க்கப்போறான்?"

சொன்னபடியே, தண்ணீரைப் பற்றி ஆரம்பித்த சில பெண்கள் வேறு எங்கோ போய் முடித்தார்கள். அதற்காக அவர் தண்ணீர் மனுக்களைக் குப்பையில் போடவில்லை. ஒழுங்காகக் கட்டி எடுத்துப்போய்ப் பஞ்சாயத்து ஆபீசில் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த ஊருக்கு வருவார். இரண்டு ஊர்களில் குழாயில் தண்ணீரே வந்துவிட்டது. எங்கள் ஆட்டத்தால் உடனடியாகக் கிடைத்த பலன் அதுதான் என்று நான் அவரைக் கிண்டல் செய்வேன்.

ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது இப்போது நீங்கள் போடுவது போல இருக்கவில்லை. நான் மனைவி, எங்கள் ஜோக்கர் புருஷன். ஒற்றைச் சக்கர சைக்கிளை ஓட்டிக்கொண்டே நான் தட்டுகளை அடுக்கிச் சமைப்பேன். அவர் உப்பு இல்லை, உறைப்பு இல்லை என்று ஒரு தள்ளுத் தள்ளுவார். மூன்று முறை விழுவேன். முதல் முறை கரணம் அடித்து எழுவேன், கூட்டம் சிரிக்கும். இரண்டாவது முறையும் சிரிக்கும், கொஞ்சம் குறைவாக. மூன்றாவது முறை மல்லாக்க விழுந்து எழாமல் கிடப்பேன். சிரிப்பு நின்றுவிடும். அந்த அமைதிக்காகத்தான் மொத்த ஆட்டமும். அப்போது ஜோக்கர் சிவப்பு மூக்கைக் கழற்றிவிட்டு மைக்கைப் பிடிப்பார்.

"உங்க வீட்டுல இப்படி நடந்தா ஒரே ஒரு போன் போடுங்க. வீட்டுக்கே வருவாங்க."

அந்த வரி நான் எழுதியது. மதுரையில் ஒத்திகை பார்த்தபோது கைதட்டல் வாங்கிய வரி, எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

ஜோக்கர், மனைவி எடுத்து வைக்காத சட்டையைப் போடாத மனிதர். அவர் பாடுதான் திண்டாட்டம். திருத்தங்கலில் டீக்கடைக்கார அம்மா எங்கள் எல்லோருக்கும் டீ கொடுத்துவிட்டு அவருக்கு மட்டும் மறுத்துவிட்டார். "கட்டுனவளப் போட்டு அந்தத் தள்ளுத் தள்ளுதீரே, உமக்கு டீ ஒரு கேடா?" என்று விரட்டினார். ஜோக்கருக்கு அதில் வருத்தமே இல்லை. நடிப்புக்குக் கிடைத்த மரியாதை என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. சாத்தூர்ப் பக்கம் ஓர் ஊர். பெயர் வேண்டாம், ஏன் என்பது படித்தால் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் ஆட்டம் போட்டோம். நல்ல கூட்டம். மூன்றாவது முறை விழுந்தபோது எதிர்பார்த்த அமைதி வந்தது. ஜோக்கர் என் வரியைச் சொன்னார். கைதட்டல் இல்லை. பெண்கள் பலர் சேலையில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல் எழுந்து வீட்டைப் பார்த்து வேகமாக நடந்தார்கள். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

மிச்சமிருந்த பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி முழங்கையைத் தொட்டுப் பார்த்தாள். ஒருத்தி முதுகைத் தடவினாள்.

"நெசமாவே வலிக்கலையா? அம்புட்டு ஒசரத்துல இருந்து விழுறீகளே!"

இந்தக் கேள்விக்கு முப்பது வருடமாக என்னிடம் ஒரே பதில்தான். தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: "வலிக்காது. விழுறதுக்குன்னு ஒரு முறை இருக்கு. அது தெரிஞ்சா எங்கன விழுந்தாலும் வலிக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். பின்னால் நின்ற ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள். வீட்டில் என்மேல் கை வைத்தவர் யாரும் கிடையாது. அதனால்தான் அந்த வார்த்தை அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன்.

அன்று இரவு அந்த ஊர்ச் சமுதாயக் கூடத்தில் தங்கினோம். மறுநாள் சாயங்காலம் ஆமத்தூரில் ஆட்டம், பன்னிரண்டு மணிக்குக் கிளம்ப வேண்டும். காலை ஒன்பது மணி இருக்கும். நான் பயிற்சி எடுக்கும் மெத்தையை வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். முந்தின நாள் சிரிக்காமல் நின்ற பெண் இடுப்பில் குடத்தோடு வந்தாள். முப்பது வயது இருக்கும். முகத்தில் மஞ்சள், நெற்றியில் பெரிய பொட்டு, விரல் இடுக்கிலும் நகத்தடியிலும் கறுப்பு. அவள் பெயரை மாரீஸ்வரி என்று வைத்துக்கொள்வோம்.

"யக்கா, அந்த முறையச் சொல்லித் தாறீகளா?"

"எந்த முறை?"

"விழுற முறை. பின்மண்டையில அடிபடாம விழணும், அம்புட்டுத்தான். மத்த எடத்துல பட்டாத் தாங்கிக்கிருவேன்."

குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்து தலையைக் காட்டினாள். முடிக்குள் ஒரு விரல் நீளத்துக்குத் தையல் போட்ட காயம், அதைச் சுற்றி இன்னும் வற்றாத வீக்கம். போன வாரம் ஆட்டுரலில் பட்டதாம்.

"மூணு நாளா எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சதுக்கா. அடுத்த வாட்டியும் அங்கனயே பட்டுச்சுன்னா என் பிள்ளைக்கு ஆரு இருக்கா? மூணாப்புதான் படிக்கா. அவளுக்காகத்தான் கேக்கேன்."

நான் நல்ல பிள்ளையாகப் பாடத்தை ஒப்பித்தேன். சட்டம் இருக்கிறது, போன் போடலாம், வீட்டுக்கே வருவார்கள் என்றேன். மாரீஸ்வரி கோபப்படவில்லை. விவரம் தெரியாதவளிடம் பேசுகிற பொறுமையோடு பேசினாள்.

"வருவாகள்ல, அதான்க்கா வெனையே. வீட்டுல திரி கெடக்கு."

அவள் சொன்னது கருந்திரியை. பட்டாசுக்குள் நெருப்பைக் கொண்டுபோகிற கறுப்புத் திரி அது. லைசென்ஸ் உள்ள இடத்தில் மட்டும்தான் செய்யலாம். அந்த ஊரில் பல வீடுகளின் உள்ளறையில் அது திருட்டுத்தனமாக நடந்துகொண்டிருந்தது. சரக்கைக் கொண்டுவந்து இறக்குவது புருஷன், உட்கார்ந்து செய்வது மனைவி. அடிபட்டவளைக் காப்பாற்றத்தான் போலீஸ் வருகிறது என்றாலும், வந்தால் முதலில் கண்ணில் படுவது அந்த அறைதான்.

"கேசு எம்பேர்லயும்தான் விழும். எங்கையப் பாத்தாலே தெரியுமே. எங்க வீட்டுல அவுகளே சொல்வாக, 'கூப்பிடுடி, வரட்டும், ரெண்டு பேரும் சேந்தே உள்ள போவோம்'னு. நேத்து அந்த சோக்கர் அண்ணன் 'வருவாங்க'ன்னாரா, பாதிப் பொம்பளைக அதக் கேட்டுத்தான் எந்திரிச்சு ஓடுனது. ஊரையே இங்கன ஒக்கார வச்சிட்டு அங்கன ரெய்டு விட்டுட்டாகளோன்னு பயந்துட்டாளுக."

பெருமையாக எழுதிய என் வரி அந்த ஊரில் மிரட்டலாகக் கேட்டிருக்கிறது. அதுவும் அவள் புருஷன் தினமும் வீட்டில் சொல்கிற அதே மிரட்டல்.

"அவுக வீட்டுக்குள்ள ஒரு பீடி பத்த வைக்க மாட்டாகக்கா. திரிமேல அம்புட்டுப் பதனம். அதுல கால்வாசி எம்மேல இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு மாரீஸ்வரி சிரித்தாள்.

ஆலோசகர் அம்மா மனு வாங்க ஊருக்குள் போயிருந்தார். திரும்ப ஒரு மணி நேரமாவது ஆகும். எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. சொல்லித்தர மாட்டேன் என்று சொல்லலாம். அப்படிச் சொல்லி, அடுத்த வாரம் அவள் தலை மறுபடி ஆட்டுரலில் பட்டால் அதற்கு நான் என்ன பதில் சொல்வேன்? சொல்லித்தரலாம். தந்தால், அங்கேயே இருந்து விழுந்துகொண்டிரு என்று நானே அனுப்பி வைப்பதாக ஆகும். இதையெல்லாம் இப்போது நிதானமாக எழுதுகிறேன். அந்த நேரத்தில் மனுஷர் யோசிப்பதில்லை, பழகியதைச் செய்கிறார்கள். நான் மெத்தையைக் கூடத்துக்குள் இழுத்துப் போட்டேன்.

தாடையை நெஞ்சோடு ஒட்டு, மூச்சை வெளியே விடு, முதுகை வளை, இரண்டு கையாலும் தரையை அறை. அவ்வளவுதான் அந்த முறை. மாரீஸ்வரி கெட்டிக்காரி, ஐந்தாறு தடவையில் பிடித்துக்கொண்டாள். நல்ல மாணவி கிடைத்த சந்தோஷம் எனக்கு வந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கடைசியில் அவள் முன்னால் நின்று, எங்கள் வழக்கப்படி "ஒண்ணு… ரெண்டு…" என்று எண்ணி, மூன்றுக்குத் தள்ளினேன். அழகாக விழுந்தாள். எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்.

"யக்கா, அவுக எண்ண மாட்டாகளே?"

ஜோக்கர் என்னைத் தள்ளும்போது, சாயம் பூசிய உதட்டை அசைக்காமல், எனக்கு மட்டும் கேட்கும்படி எண்ணுவார். மூன்று என்றதும் நானாகத்தான் விழுவேன். அவர் கை என்மேல் படுவதுகூட இல்லை. முப்பது வருடம் விழுந்தும் எனக்கு மண்டை உடையாததற்கு என் முறைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எதிரே நின்ற ஒவ்வொருவரும் எனக்காக எண்ணியதுதான் காரணம். நான் அடிபடக் கூடாது என்பதில் என்னைவிட அவர்களுக்குக் கவலை அதிகம். இது எனக்குத் தெரியாத விஷயமா? தெரிந்ததுதான். ஆனாலும் அவள் கேட்கிற வரைக்கும் தோன்றவில்லை.

"எண்ணாமத் தள்ளிப் பாருங்க" என்றாள் மாரீஸ்வரி.

எனக்குக் கை எழவில்லை. அப்படியே மெத்தையில் உட்கார்ந்துவிட்டேன்.

"தாயீ, நேத்து நான் சொன்னது பொய். வலிக்கும். இது உனக்கு ஒதவாது" என்றேன்.

ஆட்டுரலில் தலை பட்டதைச் சொன்னபோது அழாதவள் இதற்கு அழுதாள். அவள் கையில் இருந்த ஒரே யோசனையை நான் பிடுங்கிக்கொண்டேன், அதனால் அழுதாள். கொடுத்ததும் நான்தான். என்மேல் எனக்கு அவ்வளவு வெறுப்பு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

ஆலோசகர் அம்மா திரும்பி வந்தார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். கொட்டிய கையோடு ஒரு யோசனையும் சொன்னேன்: திரியை எல்லாம் நம் வேனில் ஏற்றி எங்கேயாவது தள்ளிவிட்டால் வீடு சுத்தமாகிவிடும், பிறகு தைரியமாகப் போலீசைக் கூப்பிடலாம். எங்கள் டிரைவர் திருத்தங்கல்காரர், பட்டாசுக் கம்பெனிக்கு லோடு அடித்த அனுபவம் உள்ளவர். வேன் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ஜெனரேட்டரும் டீசலும் கெடக்க வண்டியில திரிய ஏத்துறதா? வெளையாடுறீகளா யக்கா? வெடிச்சா நம்ம எல்லாரையும் அள்ளிக்கிட்டுப் போக ஒரு சாக்குப் பை போதும், பாத்துக்கோங்க."

அவர் சொன்னதுதான் சரி. இக்கட்டில் முதலில் வருகிற யோசனை ரொம்பத் துணிச்சலாக இருந்தால் அதைச் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் அது செய்த தப்பை மறைக்க நம் மனசு அவசரப்படுவதுதான்.

ஆலோசகர் அம்மா மாரீஸ்வரியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உங்க அம்மா வீடு எங்க?"

"ஆமத்தூருங்க."

"அப்ப நீ அங்க போ. அங்க இருந்துக்கிட்டே மனு குடுக்கலாம், சட்டத்துல எடம் இருக்கு. நாளைக்குக் காலையில நாமளே விருதுநகர்ல பாதுகாப்பு அலுவலர் ஆபீசுக்குப் போவோம். யாரும் உன் வீட்டுக்கு வர வேண்டாம். திரியைப் பத்தி அப்புறம் பேசலாம், மொதல்ல உன் தலை."

இவ்வளவுதான் விஷயம். 'வருவாங்க' என்று நான் எழுதிய இடத்தில் 'நீங்க வாங்க' என்று எழுதியிருந்தால் முந்தின நாள் சாயங்காலமே முடிந்திருக்கும்.

புருஷன் சிவகாசிக்குப் போயிருந்தான், மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவான் என்றாள். பதினொன்றரைக்குள் பள்ளிக்கூடத்திலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு, ஒரு துணி மூட்டையோடு வந்துவிட்டாள். ஏறு ஏறு என்கிறேன், ஏறாமல் நேராகக் குழாயடிக்குப் போனாள். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டு, நகத்தடி கறுப்பை ஒரு குச்சியால் எடுத்தெடுத்துக் கழுவினாள். பிறகு கூடத்துக்குள் போய்ச் சேலையை மாற்றினாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. கத்திவிட்டேன்.

"மருந்து ஒட்டுன சேலையோட டீசல் வண்டியில ஏறக்கூடாதுக்கா. இதுல பிள்ளைகூட இருக்கா" என்றாள் அவள். டிரைவர் தலையாட்டினார். அந்தப் பத்து நிமிடமும் நான் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் தன் உயிரோடு எங்கள் உயிரையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டாள் என்பது வண்டி மெயின் ரோட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஆமத்தூரில் ஆட்டம் ஐந்து மணிக்கு. மாரீஸ்வரியும் மகளும் அம்மா வீட்டில் இருந்தார்கள், ஆலோசகர் அம்மா அவர்களோடு இருந்தார். நான் வழக்கம்போல மூன்று முறை விழுந்தேன். வரியை மட்டும் மாற்றிச் சொன்னார் ஜோக்கர். முடிந்ததும், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் ஆள் என்னிடம் வந்தான். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, அமைதியான முகம். கைகூப்பினான்.

"வணக்கம்மா. நேத்து எங்கூர்ல பாத்தேன், இன்னைக்கும் பாத்தேன். அருமையா விழுறீக."

"நன்றிங்க" என்றேன். பழக்கதோஷம்.

"எங்க வீட்டுல உள்ளவளுக்கு இப்படி விழத் தெரியலம்மா. லேசாத் தொட்டாலே எங்கயாவது போயி இடிச்சுக்கிருதா. அவ இங்கன ஆட்டம் பாக்க வந்தாளா?"

யார் என்று புரிந்தது. கூட்டத்தில் எனக்கு யாரைத் தெரியும் என்று சொல்லிவிட்டுத் தட்டுகளை அடுக்க ஆரம்பித்தேன். அவன் நேராக மாமியார் வீட்டுக்குப் போனான். அங்கே வாசலில் கவுன்சிலர் அம்மா வந்திருக்காக என்று கேள்விப்பட்ட இருபது பெண்கள் மனுவும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரைத் தாண்டி உள்ளே போக அவனுக்குத் தைரியம் இல்லை. கொஞ்ச நேரம் தெருமுனையில் நின்றுவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டான்.

எத்தனையோ ஊரில் எத்தனையோ பேர் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். கேட்டு உடம்பு கூசியது அவன் பாராட்டுக்கு மட்டும்தான். இரண்டு நாள் நம் ஆட்டத்தைப் பார்த்து அவன் கற்றுக்கொண்டது என்ன? மனைவிக்கு ஒழுங்காக விழத் தெரிந்தால் வீட்டில் பிரச்சினை இல்லை என்பதை. அதைச் சொல்லிக்கொடுத்தது என்னுடைய வித்தை. மறுநாளிலிருந்து நான் விழுவதை நிறுத்திவிட்டேன். மூன்றாவது முறை கை ஓங்கும்போது மனைவி சைக்கிளை விட்டு இறங்கி, தட்டுகள் உருண்டு போவதைத் திரும்பிப் பார்க்காமல், ரிங்கைவிட்டு வெளியே நடந்து போகிறாளே, அது அப்படி வந்ததுதான். அதில் வித்தை இல்லை என்று உங்களில் சிலர் குறைபட்டுக்கொள்வதாகக் கேள்வி. குறைபட்டுக்கொள்ளுங்கள். யாராவது வந்து முதுகைத் தடவி 'வலிக்குதா' என்று கேட்டால், வலிக்கும் என்று சொல்லுங்கள்.

மாரீஸ்வரி என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். ஓர் அச்சகத்தில் காலண்டர் பிரிவில் வேலை பார்க்கிறாள். வழக்கு இழுத்தடித்து, அவளுக்குச் சாதகமாகவே முடிந்தது. மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். என் மனசில் நிற்பது இதெல்லாம் இல்லை. ஆமத்தூர் ஆட்டத்துக்கு மறுநாள் காலை, விருதுநகர் ஆபீசில் நடந்தது.

நானும் கூடப் போயிருந்தேன். அலுவலர் ஒரு பெண்மணி, வயதில் சின்னவர். மாரீஸ்வரியின் ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிப் பார்த்துப் படிவத்தில் எழுதிக்கொண்டே வந்தார். சீட்டில் என்ன எழுதியிருந்ததோ அதையே எழுதிவிட்டு வாசித்துக் காட்டினார்.

"கீழே விழுந்ததில் பின்னந்தலையில் காயம், நாலு தையல். சரியாம்மா?"

நான் வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் ஆலோசகர் அம்மா என் காலை மிதித்தார். மாரீஸ்வரி கழுவிக் கழுவி வெளுத்துப்போன தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த இரண்டு நாளும், அவன் செய்ததை எவ்வளவு சொன்னபோதும், புருஷனை 'அவுக' என்றுதான் சொல்லியிருந்தாள்.

"நான் விழலம்மா" என்றாள். "அத அடிச்சிருங்க. தள்ளுனான்."

அலுவலர் 'கீழே விழுந்ததில்' என்பதைக் கோடு போட்டு அடித்தார். அதற்கு மேலே 'கணவர் தள்ளியதில்' என்று எழுதிப் படிவத்தைத் திருப்பி வைத்தார். மாரீஸ்வரி அந்த இரண்டு வார்த்தையையும் விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்து முடித்த பிறகுதான் பேனாவை வாங்கினாள்.